மேசைமேல் நின்ற அப்பல்லோ: பார்த்துச் செய்தவர்கள் சொல்லும் பாடம்



சில ஆண்டுகளுக்கு முன்பு, ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் கட்டுரையைச் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். நமக்கெல்லாம் பழக்கமான தன்கதைத் தலைப்புதான்: ‘நான் ஒரு மிதிவண்டி’. பயிற்சி நூலில் இருந்த மாதிரிக் கட்டுரையின் முதல் மூன்று பத்திகள் வரிக்கு வரி அப்படியே இருந்தன. ‘பார்த்து எழுதியது’ என்று ஓரத்தில் குறித்துவிட்டு அடுத்த நோட்டை எடுத்துவிட்டேன். அவளுடைய கடைசிப் பத்தியை நான் வாசிக்கவே இல்லை.

அதன் பிறகு என்ன நடந்தது என்பதைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன். அதற்கு முன் உங்களை 500 ஆண்டுகள் பின்னால், இத்தாலிக்கு அழைத்துப் போகணும். பார்த்துச் செய்வதையே தொழிலாகக் கொண்டு, அதனாலேயே பெயரும் புகழும் பெற்ற சிற்பிகள் அங்கே இருந்தார்கள்.

புதுமைக் காலத்தில் பழைமை எதற்கு?

மறுமலர்ச்சிக் காலம் என்றதும் மாணவர்கள் என்ன சொல்வார்கள்? லியொனார்டோ டா வின்சி, மைக்கலாஞ்சலோ என்று இரண்டு பெயர்கள் வரும். ‘புதுமை’, ‘புதிய சிந்தனை’ என்று குறிப்பு எழுதுவார்கள். அது தப்பில்லை. ஆனால் அந்தக் காலத்து மக்களைக் கேட்டால், ‘நாங்கள் பழையதைத் தேடிக்கிட்டு இருக்கோம்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். பழைய ரோமானியர் விட்டுப்போன கட்டடங்கள், நாணயங்கள், கல்வெட்டுகள், சிலைகள் எல்லாம் அவர்களுக்குப் பாடப்புத்தகமாக இருந்தன.

ஒரு சிக்கல் இருந்தது. சிலைகள் ரோமில் இருந்தன. பெரியவை, கனமானவை. ஆளை விட உயரமான பளிங்குச் சிலையைத் தூக்கிக்கொண்டு வர முடியுமா? நிழற்படம் எடுக்க அன்று கருவியும் இல்லை. மாந்துவாவிலோ ஃபுளோரன்சிலோ இருப்பவர் அந்தச் சிலையை எப்படிப் பார்ப்பது? கையால் வரைந்த படம் ஒரு பக்கத்தை மட்டும்தான் காட்டும்.

இதற்குக் கிடைத்த விடைகளில் ஒன்றுதான் சின்னஞ்சிறு வெண்கலச் சிலை. ஒரு முழத்துக்கும் குறைவான உயரம். மேசைமேல் வைக்கலாம். கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். முன்புறம், பின்புறம், தோளின் வளைவு, காலின் நிலை எல்லாவற்றையும் விளக்கொளியில் நிதானமாகப் பார்க்கலாம்.

பெயரில் தவறிய முதல் சிற்பி

இந்த வகையில் மிகப் பழைய சிலைகளில் ஒன்று இன்று ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருக்கிறது. செய்தவர் ஃபிலரேத்தே. இயற்பெயர் அந்தோனியோ அவெர்லினோ. ரோமில் புனித பேதுரு பேராலயத்துக்கு வெண்கலக் கதவுகள் செய்தவர் இவர்தான். அங்கே இருந்த நாள்களில், மார்க்கஸ் அவ்ரேலியஸ் பேரரசர் குதிரைமேல் அமர்ந்திருக்கும் 4 மீட்டருக்கும் உயரமான வெண்கலச் சிலையைப் பார்த்துச் சிறிய உருவில் செய்தார். பின்னர், 1465-ஆம் ஆண்டில், அதை ஃபுளோரன்சின் பியெரோ டி மெதிச்சிக்குப் பரிசாகக் கொடுத்தார். அந்த விவரம் சிலையின் பீடத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது.

இங்கே வரலாற்று ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்தப் பெரிய சிலை எப்படித் தப்பிப் பிழைத்தது தெரியுமா? ரோமானியர் காலத்து வெண்கலச் சிலைகளில் பெரும்பாலானவை உருக்கப்பட்டு அழிந்துவிட்டன. இது மட்டும், கிறிஸ்தவத்தை ஏற்ற பேரரசர் கான்ஸ்டன்டைனின் சிலை என்று மக்கள் தவறாக நம்பியதால் காப்பாற்றப்பட்டது. தப்பான பெயர்தான் அதன் உயிரைக் காத்தது!

ஃபிலரேத்தேயும் பெயரைச் சரியாகச் சொல்லவில்லை. தன் சிறிய சிலையில் அவர் பொறித்த பெயர் கொமொதஸ். அதாவது மார்க்கஸ் அவ்ரேலியஸின் மகன். அது மட்டுமில்லை. குதிரையின் தூக்கிய காலுக்குக் கீழே ஒரு தலைக்கவசத்தையும் தானாகவே வைத்தார். ரோமில் உள்ள சிலையில் அது கிடையாது.

ஆக, ‘அச்சு அசலா அப்படியே’ என்று நாம் நினைக்கும் நகலில், முதல் அடியிலேயே ஒரு தவறும் இருக்கிறது, ஒரு சேர்க்கையும் இருக்கிறது. அந்தத் தவறும் சேர்க்கையும்தான் ஃபிலரேத்தே எதைப் பார்த்தார், எப்படிப் புரிந்துகொண்டார் என்று இன்று நமக்குக் காட்டுகின்றன.

‘பழையவர்’ என்று பெயர் வாங்கியவர்

இந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் மாந்துவாவைச் சேர்ந்த பியெர் யாக்கோப்போ அலாரி பொனாகொல்சி. பெயர் நீளம்தான். ஆனால் அவரை எல்லாரும் அழைத்த பெயர் ‘அந்திகோ’. இத்தாலிய மொழியில் அதற்குப் ‘பழைமையானவர்’ என்று பொருள். சுமார் 1460-இல் பிறந்து 1528-இல் மறைந்தார். பொற்கொல்லராகப் பயின்றவர். மாந்துவாவை ஆண்ட கொன்சாகா குடும்பத்துக்காகவே வாழ்நாள் முழுதும் வேலை செய்தார்.

ரோமுக்குப் போய்ப் பழைய சிலைகளைக் கண்ணாரக் கண்டவர். குவிரினால் குன்றில் குதிரைகளோடு நிற்கும் மாபெரும் பளிங்குச் சிலைகளில் ஒன்றைச் செப்பனிட்டு, அதில் தன் பெயரையும் பொறித்திருக்கிறார்.

அவர் செய்தவற்றில் புகழ்பெற்றது பெல்வெடேர் அப்பல்லோ. மூலச்சிலை 2 மீட்டருக்கும் உயரமான வெண்பளிங்கு. அந்திகோவின் வெண்கல அப்பல்லோ சுமார் 40 சென்டிமீட்டர்தான். ஒன்று வெனிஸ் நகரிலும் இன்னொன்று பிராங்க்பர்ட் நகரிலும் இருக்கின்றன.

படத்தைத் தேடிப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது நிறம். உடம்பு கருமை. தலைமுடிக்கும் மேலாடைக்கும் பொன்முலாம். கண்களில் வெள்ளி. ரோமில் இருக்கும் வெள்ளைப் பளிங்கில் இது எதுவுமே இல்லை. அந்திகோ உருவத்தை அங்கிருந்து எடுத்துக்கொண்டார். மற்றதைத் தன் பொற்கொல்லர் பட்டறையிலிருந்து கொடுத்தார். பெரிய சிலையை வெறுமனே சுருக்கினால் அது பொம்மை மாதிரி ஆகிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. சிறியதைச் சிறியதாகவே அழகு செய்யணும் இல்லையா?

மெழுகு போனால் போகட்டும், அச்சு இருக்கட்டும்

இவற்றை எப்படிச் செய்தார்கள்? அடிப்படை, மெழுகு வார்ப்புதான். நம் கோயில் உற்சவ மூர்த்திகளை வார்க்கும் முறையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும். உள்ளே உண்டாகும் வெற்றிடத்தில் உருக்கிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால் சிலை.

இதில் ஓர் ஆபத்து உண்டு. சிற்பி மாதக்கணக்கில் உழைத்துச் செய்த மெழுகு உருவம் உருகிப் போய்விடுகிறது. வார்ப்பு சரியாக வராவிட்டால் எல்லாம் போச்சு. முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அந்திகோ வேறு வழியைக் கையாண்டார். முதலில் செய்த மாதிரி உருவத்தை உருக்கவில்லை. அதைச் சுற்றிப் பகுதி பகுதியாகக் கழற்றக்கூடிய அச்சுகள் எடுத்தார். அந்த அச்சுக்குள் மெல்லிய மெழுகுப் படலம் வைத்து, நடுவில் உள்ளீடு நிரப்பி, இன்னொரு மெழுகு உருவம் உண்டாக்கினார். வார்ப்பில் அழிவது இந்த இரண்டாவது மெழுகுதான். அச்சு அப்படியே இருக்கும். வேண்டும்போது மறுபடி வார்க்கலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்டோன், இந்தச் சிலைகளின் உட்புறத்தை ஆராய்ந்து, அந்திகோவின் இந்த வார்ப்பு முறையை 1981-இல் விரிவாக எழுதினார்.

இதனால் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். அந்திகோ, ஆயர் லுதொவிக்கோ கொன்சாகாவுக்காகப் பல சிலைகள் செய்து கொடுத்திருந்தார். ஆயர் 1511-இல் காலமானார். மாந்துவாவின் அரசி போன்று விளங்கிய இசபெல்லா டெஸ்தே, 1519-இல் கணவரை இழந்தார். அரண்மனையின் வேறு பகுதியில் தமக்கென்று புதிய அறைகளை அமைக்கத் தொடங்கினார். அதே 1519-இல் அந்திகோ அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆயருக்காகச் செய்த உருவங்களிலிருந்து அவருக்கும் வார்த்துத் தர முடியும் என்று அதில் தெரிவித்தார்.

இப்படித்தான் ஒரே உருவத்துக்குச் சில ஆண்டு இடைவெளியில் இரண்டு சிலைகள் உண்டாயின. ‘எர்க்குலிசும் அந்தேயசும்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மண்ணில் கால் படும்வரை பலம் குறையாத அரக்கன் அந்தேயசை, எர்க்குலிஸ் தரையிலிருந்து தூக்கி நெரிக்கும் காட்சி அது. ஒரு வார்ப்பு லண்டனில் இருக்கிறது. இன்னொன்று வியன்னாவில். வியன்னா சிலையின் அடியில் இசபெல்லாவின் பெயர் இருக்கிறது.

கையில்லாத சிலைக்கு யார் கை கொடுப்பது?

இனிமேல்தான் முக்கியமான இடம்.

மண்ணிலிருந்து எடுத்த பழைய சிலைகள் முழுசாகக் கிடைப்பது அரிது. பெல்வெடேர் அப்பல்லோவுக்கு இடது கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை. வலக்கையின் விரல்களும் சிதைந்திருந்தன. எர்க்குலிஸ்–அந்தேயஸ் பளிங்குச் சிலையும் பல உறுப்புகள் உடைந்தே கிடைத்தது. இப்போது நீங்கள் அந்திகோவின் இடத்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் சிலை கேட்டவர் உடைந்த அப்பல்லோவையா கேட்டார்? முழு அப்பல்லோவைத்தானே கேட்டார்! இல்லாத கையை எப்படிப் பார்த்துச் செய்வது?

யோசிக்கணும். இந்தத் தோள் இப்படி உயர்ந்திருக்கிறது என்றால் கை எதைப் பிடித்திருக்கும்? முதுகில் அம்பறாத்தூணி இருக்கிறது. அப்படியென்றால் கையில் வில் இருந்திருக்குமா? அம்பை எய்து முடித்துவிட்டானா, இனித்தான் எய்யப் போகிறானா? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் ஒரு விரலைக்கூடச் செய்ய முடியாது. பளிங்கு அப்பல்லோவுக்குச் சிற்பி மொந்தோர்சொலி 1530-களில்தான் புதுக் கைகள் பொருத்தினார். அந்திகோ அதற்கு முன்பே, 40 சென்டிமீட்டர் உயரத்தில், தன் விடையைச் சொல்லிவிட்டார்.

தப்பான விடையும் வரலாம். லாவோக்கூன் சிலையின் கதை அதைத்தான் காட்டுகிறது. பாம்புகள் சுற்றி நெரிக்க, தந்தையும் இரு மகன்களும் போராடும் பளிங்குச் சிலை. 1506 ஜனவரியில் ரோமில் ஒரு திராட்சைத் தோட்டத்து மண்ணுக்கடியில் கிடைத்தது. போப்பாண்டவர் இரண்டாம் யூலியஸ் ஆள் அனுப்பிப் பார்த்தார். போனவர்களில் மைக்கலாஞ்சலோவும் ஒருவர். தந்தையின் வலக்கை இல்லை. கட்டடக் கலைஞர் பிரமாந்தே, இளம் சிற்பிகளை அழைத்து அதை மெழுகில் பார்த்துச் செய்யச் சொல்லி ஒரு போட்டியே வைத்தார் என்று வசாரி எழுதியிருக்கிறார். நடுவர் யார் தெரியுமா? ஓவியர் ரஃபாயெல். யாக்கோப்போ சன்சொவினோவின் மெழுகு உருவம் சிறந்தது என்று அவர் தீர்ப்புச் சொன்னார். அது பிறகு வெண்கலத்தில் வார்க்கப்பட்டது.

மூலச்சிலைக்கு, கை வானத்தை நோக்கி நீண்டிருப்பதாகப் பொருத்தினார்கள். நூற்றாண்டுகளாக உலகம் பார்த்தது அந்த நீண்ட கையைத்தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லுத்விக் போலாக் என்ற தொல்லியலாளர், ரோமில் கட்டடக் கற்கள் விற்கும் இடத்தில் ஓர் உடைந்த பளிங்குக் கையைக் கண்டார். பின்புறமாக மடங்கிய கை. லாவோக்கூனுடையதாக இருக்கும் என்று உணர்ந்து வாட்டிகனுக்குக் கொடுத்தார். 1950-களின் பிற்பகுதியில்தான் அது சிலையில் பொருத்தப்பட்டது. கை மடங்கியே இருந்திருக்கிறது! யூதரான போலாக் அதைப் பார்க்கவில்லை. 1943-இல் ரோமில் கைது செய்யப்பட்டு, ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கேயே மாண்டார்.

மூலமே நகல் என்றால்?

இன்னொரு செய்தியையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். அந்திகோ வியந்து பார்த்த அந்தப் பளிங்கு அப்பல்லோவே மூலம் இல்லை. கிரேக்கர்கள் வெண்கலத்தில் செய்த ஒரு சிலையைப் பார்த்து, ரோமானியர் காலத்தில் கல்லில் செய்த நகல் என்பதே ஆய்வாளர்களின் பொதுவான கருத்து.

அதற்குச் சிலையிலேயே ஒரு தடயம் தேடலாம். அப்பல்லோவின் காலை ஒட்டி ஒரு மரத்தண்டு நிற்கிறது. எதற்கு? வெண்கலச் சிலை இரண்டு காலில் தானாக நிற்கும். பளிங்கு கனமானது, சட்டென்று உடையக்கூடியது. அதற்கு முட்டுக் கொடுக்க வேண்டும். அந்த முட்டுதான் மரமாக மாறியிருக்கிறது. வெண்கலத்திலிருந்து கல்லுக்குப் போன உருவத்தை, அந்திகோ தனக்குத் தெரியாமலேயே மீண்டும் வெண்கலத்துக்குக் கொண்டுவந்தார். கிரேக்க மூலம் இன்று இல்லை. நகல் எடுத்தவர்கள் இல்லாவிட்டால் அப்பல்லோவின் இந்த உருவமே நமக்குத் தெரிந்திருக்காது.

அரண்மனையில் மட்டும்தான் இந்தச் சிலைகள் இருந்தன என்று எண்ணிவிட வேண்டாம். பல்கலைக்கழக நகரமான பதுவாவைச் சுற்றி வெண்கலப் பட்டறைகள் பெருகின. காலில் தைத்த முள்ளை எடுக்கும் சிறுவனின் பழைய வெண்கலச் சிலையை, போப்பாண்டவர் நான்காம் சிக்ஸ்துஸ் 1471-இல் ரோம் மக்களுக்கு அளித்தார். செவேரோ தா ரவென்னாவின் பட்டறை அந்தச் சிறுவனைப் பலமுறை சிறிய அளவில் வார்த்தது. விளக்கு, மைக்கூடு போன்றவையும் இத்தகைய பட்டறைகளில் உருவாயின. பேனாவைத் தொட்டு எழுதும் இடத்திலேயே பழைய ரோம் வந்து அமர்ந்துகொண்டது.

வகுப்பறைக்கு மூன்று நடவடிக்கைகள்

ஒன்று: பெல்வெடேர் அப்பல்லோவின் படத்தைத் திரையில் காட்டுங்கள். எதையும் விளக்காமல், ‘இந்த மரம் ஏன் இங்கே நிற்குது?’ என்று மட்டும் கேளுங்கள். ‘காட்டுல நிக்கிறாரு டீச்சர்’ என்று ஒரு பையன் சொல்லுவான். சொல்லட்டும். கேள்வியைத் தொடர்ந்தால் அவர்களே கல்லின் கனத்துக்கு வந்து சேர்வார்கள். வரலாற்றுச் சான்றை வாசிப்பது எப்படி என்பதற்கு இது நல்ல தொடக்கம்.

இரண்டு: கையில்லாத லாவோக்கூன் படத்தை அச்சிட்டுக் குழுக்களுக்குக் கொடுங்கள். இல்லாத கையை வரையச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு குழுவும், ‘நாங்கள் ஏன் இப்படி வரைந்தோம்’ என்று 3 வாக்கியங்களில் சொல்ல வேண்டும். கடைசியில் போலாக் கண்ட மடங்கிய கையைக் காட்டுங்கள்.

மூன்று: இது மொழிப்பாடத்துக்கு. மாதிரிக் கட்டுரையை மறைத்து வைக்காதீர்கள், கையிலேயே கொடுங்கள். ஒரு பத்தியை மட்டும் நீக்கிவிடுங்கள். மீதியை மாணவர் அப்படியே பார்த்து எழுதலாம். அதற்குப் புள்ளி குறைக்க வேண்டாம். இல்லாத பத்தியை மட்டும் அவர் சொந்தமாக எழுத வேண்டும். முன்னும் பின்னும் பொருந்துகிறதா, நடை ஒத்துவருகிறதா என்று நண்பர்கள் பார்க்கட்டும். முன் பத்தியை உண்மையிலேயே வாசித்தவரால்தான் அதை எழுத முடியும். திருத்தும்போது அந்தப் பத்தியில்தான் உங்கள் நேரத்தைச் செலவிடுங்கள்.

இந்த மூன்றாவது நடவடிக்கை எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை.

அந்த மிதிவண்டிக் கட்டுரைக்கு வருகிறேன். இரண்டு வாரம் கழித்து, நோட்டுகளைச் சரிபார்க்கும்போது அவளுடைய பக்கம் மறுபடி கண்ணில் பட்டது. ஏதோ தோன்றி, கடைசிப் பத்தியை வாசித்தேன். மாதிரிக் கட்டுரையில் மிதிவண்டி பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேரும். இவளுடைய மிதிவண்டி எங்கும் போகவில்லை. வீட்டு முன்வாசலிலேயே நிற்கிறது. ‘என் எஜமானரின் சாப்பாட்டுத் தூக்கு இன்னும் என் கைப்பிடியில் தொங்குகிறது. ஒருநாளும் நான் அதைக் கீழே போட மாட்டேன்’ என்று முடித்திருந்தாள். வகுப்பாசிரியையிடம் கேட்டேன். அவளுடைய அப்பா அதற்கு முந்திய ஆண்டு காலமாகியிருந்தார்.

மூன்று பத்திகளை அவள் பார்த்துத்தான் எழுதினாள். நான்காவதை எழுத அந்த மூன்றும் அவளுக்குத் தேவைப்பட்டிருக்கின்றன. நான் போட்ட சிவப்புக் கோடு நான்கு பத்திக்கும் குறுக்கே ஓடியிருந்தது. அதை அழிக்க முடியவில்லை. அதன் கீழே, ‘கடைசிப் பத்தியை இன்றுதான் வாசித்தேன். மன்னிச்சிடும்மா’ என்று எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.